செக்ஸ்டன்ட்டில் எந்த டெலஸ்கோப்? கோளாறைப் பார்த்து முடிவு செய்யும் வழி

செக்ஸ்டன்ட் என்பது, மிரரில் பிரதிபலித்து வரும் சூரியனையோ விண்மீனையோ நேரே தெரியும் தொடுவானத்தோடு பொருத்தி, அதன் உயரக் கோணத்தை அளக்கும் கருவி. கப்பலில் செகண்ட் மேட்டாக இருந்தபோதும், அப்புறம் கரையில் கேடட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த பிறகும், என்னிடம் ஒரே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது: "சார், இந்த டெலஸ்கோப் சரியில்லை, வேற வாங்கலாமா?" அவர்கள் செக்ஸ்டன்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் டெலஸ்கோப்பில் குறை இருக்காது. மிரரில் உப்பு படிந்திருக்கும், ஷேட் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) தப்பாக விழுந்திருக்கும், அல்லது பெட்டிக்குள்ளேயே படுத்திருக்கும் இன்னொரு டெலஸ்கோப்பை அந்த நேரத்துக்குப் போட்டிருக்க வேண்டும். அதனால்தான் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

இங்கே மினிட் என்றால் கோண மினிட். ஒரு மினிட் தப்பினால் கப்பலின் இடம் ஒரு கடல் மைல் வரை தள்ளிப்போகும். 4×40 என்றால் 4 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 40 மி.மீ. விட்டம். கோணக் கோடுகள் போட்ட வளைவு ஆர்க், அதன் மேல் நகர்வது இன்டெக்ஸ் ஆர்ம். அந்த ஆர்மோடு நகர்வது இன்டெக்ஸ் மிரர், சட்டத்தில் அசையாமல் நிற்பது ஹரைசன் மிரர்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒன்று: சூரியன் பக்கம் திருப்புவதற்கு முன்பே கறுத்த ஷேட்களை இறக்கிவிடுங்கள். டெலஸ்கோப் வழியாக ஒரு நொடி வெறும் சூரியனைப் பார்த்தாலும் கண் போய்விடும். டெலஸ்கோப்பை மாற்றும்போது இன்டெக்ஸ் ஆர்மைப் பிடிக்காதீர்கள். சட்டத்தையோ கைப்பிடியையோ பிடியுங்கள்.

## எல்லாம் மங்கலாகத் தெரிகிறது

முதலில் பிரித்துப் பாருங்கள். நேரே தெரியும் தொடுவானமும் மங்கலா, இல்லை பிரதிபலித்து வரும் சூரியனோ விண்மீனோ மட்டும் மங்கலா? இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

### இரண்டுமே மங்கல் என்றால்

குறை டெலஸ்கோப் பக்கம். ஆனால் அது பழுது என்று அர்த்தமில்லை. ஏசி ஓடும் சார்ட் ரூமிலிருந்து வெப்ப மண்டலத்தின் ஈரக் காற்றுக்கு நேராகக் கொண்டுபோனால் லென்ஸ் மேல் பனி படியும். துடைத்தால் மறுபடியும் படியும். சைட் எடுப்பதற்கு (உயரக் கோணம் அளப்பதற்கு) கால் மணி, இருபது நிமிடம் முன்பே பெட்டியைத் திறந்து பிரிட்ஜ் விங்கின், அதாவது பிரிட்ஜின் திறந்த பக்கத்தின், நிழலில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஃபோகஸ். உங்களுக்கு முன்னால் பார்த்தவருக்கு ஏற்றபடி அது நிற்கும். தொலைவில் உள்ள கூர்மையான ஒன்றைப் பார்த்து உங்கள் கண்ணுக்குத் திருப்புங்கள். கண்ணருகே இருக்கும் குழாயில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இருட்டிலும் அதே இடத்துக்கு வரலாம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டையும் ஃபோகஸ் சரிசெய்துவிடும், கண்ணாடியைக் கழற்றிவிடலாம். உங்கள் சீட்டில் சிலிண்டர் பவர் கணிசமாக இருந்தால் ஃபோகஸால் அதைச் சரிசெய்ய முடியாது, விண்மீன் கோடாகவே தெரியும். அப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்க்க வசதியான ரப்பர் கண்கிண்ணம் உள்ள டெலஸ்கோப்தான் உங்களுக்கு ஏற்றது.

இதையெல்லாம் செய்தும் மங்கல் போகவில்லையா? டெலஸ்கோப்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. 7×35 மாதிரியான பிரிசம் உள்ளவற்றில், கீழே விழுந்த பிறகு படம் ஒரு பக்கம் கறுத்தால் பிரிசம் நகர்ந்திருக்கும். இரண்டையும் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். 4×40 மாதிரியான எளிய குழாயை நீங்களே திறக்க ஆசை வரும், வேண்டாம். லென்ஸைத் திரும்பக் கோணலாக வைத்தால் மங்கலோடு இன்னொரு குறையும் சேரும்.

### சூரியன் அல்லது விண்மீன் மட்டும் மங்கல் என்றால்

டெலஸ்கோப்பை விட்டுவிடுங்கள், அதில் குறை இல்லை.

விண்மீன் மெல்லிய கிடைக்கோடாக நீண்டு தெரிகிறதா? அஸ்டிக்மடைசர் என்ற சிறிய லென்ஸ் ஷேட்களின் அருகே மடங்கி இருக்கும். அது உள்ளே விழுந்திருக்கிறது. தூக்கிவிடுங்கள். அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சூரியனின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் ஷேட்டைச் சந்தேகியுங்கள். வேறு ஷேட்டைப் போட்டுப் பாருங்கள். விளிம்பு ஒன்றானால் பழைய ஷேட்டுக்கு ஓய்வு கொடுங்கள்.

மிச்சம் பெரும்பாலும் உப்பு. ஒரு முறை ஒரு கேடட் கொண்டுவந்த செக்ஸ்டன்ட்டில் இன்டெக்ஸ் மிரரைச் சாய்த்து வெயிலில் பார்த்தேன். கீழ் ஓரத்தில், உலோகச் சட்டம் தொடும் இடத்தில், சர்க்கரைத் தூள் சிந்தியது போல வெள்ளைப் பரல்கள். நடுவில் யாரோ பனியன் துணியால் வட்டமாகத் தேய்த்த தடம். பஞ்சைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, அழுத்தாமல், ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பரல் கரைந்தது. அப்புறம் புதுப் பஞ்சு, ஒரே திசையில் ஒரு இழுப்பு, அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்தது. நாலாவது பஞ்சில் அவன் முகம் மிரரில் தெளிவாகத் தெரிந்தது. காய்ந்த உப்பைத் தேய்த்திருந்தால் ஒவ்வொரு பரலும் ஒரு கீறல் போட்டிருக்கும்.

பின்புறப் பூச்சு கறுத்து உரிந்திருந்தால் துடைப்பது உதவாது. மிரரை மாற்ற வேண்டும், அல்லது மறுபூச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஓரத்தில் சிறிது உரிந்திருப்பதற்காக அவசரப்பட வேண்டாம். நடு சுத்தமாக இருந்தால் அதோடு இன்னும் பல காலம் ஓட்டலாம்.

## அந்தியில் விண்மீன் தெரிகிறது, தொடுவானம் தெரியவில்லை

டெலஸ்கோப் தேர்வு உண்மையிலேயே முக்கியமாகும் இடம் இதுதான்.

ஒரு மார்ச் மாத மாலை, இலங்கையின் தென்முனைக்கும் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். கனோபஸ், நம் ஊரில் அகத்தியர் விண்மீன் என்பார்களே, தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் பளிச்சென்று நின்றது. கேடட் 7×35 டெலஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு, "ஸ்டார் இருக்கு சார், ஹரைசன் இல்ல" என்றான். கழற்றச் சொல்லி 4×40ஐப் போட்டேன். தொடுவானம் சாம்பல் நிறக் கோடாக வந்தது. ஐந்து விண்மீன் எடுத்துவிட்டான்.

காரணம் எளிய வகுத்தல். முன்லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7×35க்கு 5 மி.மீ., 4×40க்கு 10 மி.மீ. இருட்டுக்குப் பழகிய இளம் கண்ணின் பாவை 7 மி.மீ. அளவுக்குத் திறக்கும். 5 மி.மீ. கற்றை அந்தக் கண்ணை நிரப்பாது, தொடுவானம் கறுத்துப்போகும். வயதாக ஆக பாவை அவ்வளவு திறக்காது என்பதால் மூத்த அதிகாரிகளுக்கு இந்த வித்தியாசம் குறைவாகத் தெரியலாம். பகல் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது 7× கூர்மையான கோட்டைக் காட்டும், அதை மறுக்கவில்லை. இருட்ட இருட்ட நிலைமை மாறிவிடும்.

டெலஸ்கோப்பை மாற்றியும் தெரியவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்.

நேரம் கடந்துவிட்டதா? சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 முதல் 12 டிகிரி வரை இருக்கும்போதுதான் விண்மீன் சைட்டுக்கு வசதி. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அது வெறும் 24 நிமிட அளவுதான். மாலையில் கிழக்குப் பக்கம் முதலில் கறுக்கும், அதனால் கிழக்கு விண்மீன்களை முதலில் எடுங்கள்.

ஹரைசன் ஷேட் ஏதாவது கீழே கிடக்கிறதா? பகலில் சூரியனுக்குப் போட்டதை அப்படியே விட்டுவிட்டு அந்தியில் தடுமாறுவது அடிக்கடி நடக்கும்.

கடைசியாக, உங்கள் ஹரைசன் மிரர் எந்த வகை? முழுப் பரப்பிலும் பூச்சுள்ள வகை, வரும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் விடும், ஒரு பகுதியைத்தான் பிரதிபலிக்கும். பகல் சூரியனுக்கு அது அருமை, சூரியனைப் பிடிப்பது சுலபம். அந்தியில் விண்மீன், தொடுவானம் இரண்டுமே கொஞ்சம் மங்கும். பாதி வெள்ளி, பாதி தெளிந்த பழைய வகை விண்மீனுக்கு மேல். விண்மீன் சைட்தான் உங்கள் வேலை என்றால் நான் பழைய வகையையே வாங்கச் சொல்வேன்.

## விண்மீனைப் பிடித்து வைக்க முடியவில்லை, துள்ளி ஓடுகிறது

7 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் 7 மடங்கு. பெரிய கப்பல், அமைதியான கடல், பகல் சூரியன் என்றால் 7× நல்லது. சூரிய விளிம்பைத் தொடுவானத்தில் உட்கார வைப்பது அதில் துல்லியமாக வரும். சிறு கப்பலிலோ பாய்மரப் படகிலோ, அலையில், 3.5× அல்லது 4×க்கு மேல் போகாதீர்கள்.

பிடிப்பதற்கே சிரமம் என்றால் பணம் செலவழிக்காமல் மூன்று வழி உண்டு. உயரக் கோணத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஆர்மில் வைத்துவிட்டு, அந்தத் திசையில் தொடுவானத்தை வருடுங்கள். அல்லது செக்ஸ்டன்ட்டைத் தலைகீழாகப் பிடித்து, விண்மீனை நேரே பார்த்துக்கொண்டு, தொடுவானத்தை அதனிடம் கொண்டுவாருங்கள். அதுவும் வரவில்லையா, டெலஸ்கோப்பைக் கழற்றிவிட்டு லென்ஸ் இல்லாத வெறும் குழாயைப் போட்டுப் பிடித்து, ஆர்மைப் பூட்டிய பிறகு டெலஸ்கோப்பைப் போடுங்கள். நம் பழைய தோணிக்காரர்கள் ராப்பலகையில் லென்ஸே இல்லாமல்தான் துருவ விண்மீனின் உயரத்தை விரல் கணக்கில் பார்த்தார்கள்.

## படம் தலைகீழாகத் தெரிகிறது

பழுது இல்லை. பழைய செக்ஸ்டன்ட் பெட்டிகளில் படத்தைத் தலைகீழாகக் காட்டும் நீளமான டெலஸ்கோப் ஒன்று இருக்கும். பழகினால் சூரியனுக்கு மிக நல்லது. பழக மனமில்லை என்றால் மற்றதைப் போடுங்கள்.

## வட்டத்தில் பாதிதான் வெளிச்சம்

பாதி வெள்ளி மிரர் என்றால் ஓரளவு அப்படித்தான் இருக்கும். தொடுவானம் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தெரிந்து, நடுவில் இரண்டும் கலக்க வேண்டும். அந்தக் கலப்பு நடுவில் இல்லாமல் ஓரத்துக்குப் போயிருந்தால் டெலஸ்கோப் உட்காரும் உயரம் சரியில்லை. அதன் கால் சட்டத்தின் பள்ளத்தில் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். காலுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு மணல் துகள் இருந்தாலே போதும், உயரம் மாறிவிடும்.

பழைய கருவிகளில் டெலஸ்கோப் வளையத்தைச் சட்டத்திலிருந்து தள்ளி நகர்த்தவும், பக்கத்தில் கொண்டுவரவும் ஒரு திருகு இருக்கும். சட்டத்தை விட்டுத் தள்ளினால் நேரடி ஒளி கூடும், பக்கத்தில் கொண்டுவந்தால் பிரதிபலிப்பு கூடும். அந்தியில் தொடுவானம் மங்கினால் தள்ளுங்கள். விண்மீன் மங்கினால் பக்கத்தில் கொண்டுவாருங்கள். இந்தத் திருகு உள்ள கருவி கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பலர் அது எதற்கென்று தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

## டெலஸ்கோப்பை மாற்றினால் இன்டெக்ஸ் எர்ரர் மாறுகிறது

மாறக் கூடாது. ரீடிங் பூஜ்யத்தில் நிற்கும்போது இரண்டு மிரர்களும் இணையாக இருக்க வேண்டும், அப்படி இல்லாததால் வருவதுதான் அந்தப் பிழை. டெலஸ்கோப்புக்கு அதில் பங்கில்லை. மாறினால் வேறு எங்கோ கோளாறு.

எதைப் பார்த்துச் சோதித்தீர்கள்? துறைமுகத்தில் எதிர்க் கிடங்கின் கூரையைப் பார்த்துச் சோதித்திருந்தால் அதுதான் காரணம். இன்டெக்ஸ் மிரருக்கும் நேர்ப் பார்வைக் கோட்டுக்கும் 7 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். 100 மீட்டர் தொலைவில் அது 2.4 மினிட் பிழை தரும். ஒரு கடல் மைலில் 0.13 மினிட்டாகச் சுருங்கிவிடும். தொடுவானம், விண்மீன், சூரியன் இவற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்து டிரம், அதாவது மினிட்டைப் படிக்கும் திருகு உருளை. எப்போதும் ஒரே திசையில் திருப்பி முடியுங்கள். ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் வந்து நின்றால் பற்களின் தளர்வு ரீடிங்கில் சேர்ந்துவிடும். இரு திசையிலும் எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். அரை மினிட்டுக்கு மேல் போனால் புழுத்திருகைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுங்கள். அப்படியும் குறையாவிட்டால் பட்டறை.

சூரியனை வைத்துச் சரிபார்ப்பதுதான் எனக்கு நம்பிக்கையான முறை. பிரதிபலித்த சூரியனை நேர்ச் சூரியனின் ஒரு விளிம்பில் தொடவைத்து ஒரு ரீடிங், மறு விளிம்பில் ஒரு ரீடிங். ஆர்க்கின் மேல் (பூஜ்யத்துக்கு மேல்) 30.4 மினிட், ஆர்க்குக்கு வெளியே (பூஜ்யத்துக்குக் கீழ்) 33.6 மினிட் வந்தால், வித்தியாசத்தில் பாதி 1.6 மினிட், வெளிப் பிழை, கூட்ட வேண்டும். இரண்டையும் கூட்டி நாலால் வகுத்தால் 16.0. அன்றைய அல்மனாக்கில் சூரியனின் அரைவிட்டமும் அதே அளவு இருந்தால் உங்கள் அளவீடு சரி. இதையே வெவ்வேறு ஷேட்களோடு செய்து பாருங்கள். ஒரு ஷேட்டில் மட்டும் இன்டெக்ஸ் எர்ரர் நகர்ந்தால் குற்றவாளி அந்த ஷேட்.

## தாழ்ந்த கோணத்தில் சரி, உயரே போகப் போக ரீடிங் கூடுகிறது

இங்கே எல்லோரும் டெலஸ்கோப் கோணலாக இருக்கிறது என்பார்கள். முதலில் கையைப் பாருங்கள். செக்ஸ்டன்ட் செங்குத்திலிருந்து 2 டிகிரி சாய்ந்திருந்தால், 30 டிகிரி உயரத்தில் 1.2 மினிட் கூடுதலாகக் காட்டும். 60 டிகிரியில் 3.6 மினிட். ஊஞ்சல் போல இரு பக்கமும் ஆட்டி, வளைவின் அடிப்புள்ளியில் தொடவைக்கிறோமே, அது இதற்காகத்தான். விண்மீனில் ஆட்டுவது கடினமாக இருந்தால் அந்த அஸ்டிக்மடைசரை இப்போது இறக்குங்கள். விண்மீன் கோடாக நீளும். அந்தக் கோடு தொடுவானத்துக்கு இணையாக இருந்தால் செக்ஸ்டன்ட் நேராக இருக்கிறது. பெட்டியில் இந்தச் சிறு லென்ஸ் இல்லாவிட்டால், வாங்கிச் சேர்க்கத் தகுந்த முதல் பொருள் இதுதான் என்பேன்.

இரண்டாவது, இன்டெக்ஸ் மிரர் சட்டத்துக்குச் செங்குத்தா? ஆர்மை நடுவில் வைத்து மிரர் பக்கமிருந்து பாருங்கள். நேரே தெரியும் ஆர்க்கும் மிரரில் தெரியும் ஆர்க்கும் ஒரே கோடாகத் தொடர வேண்டும். படி விழுந்தால் மிரரின் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். இதைச் சரிசெய்த பிறகு சைட் எர்ரர் (side error, ஹரைசன் மிரர் சட்டத்துக்குச் செங்குத்தாக இல்லாத பிழை), அதன் பின் இன்டெக்ஸ் எர்ரர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மூன்றாவதுதான் டெலஸ்கோப். செக்ஸ்டன்ட்டை மேசையில் படுக்கவைத்து, டெலஸ்கோப் நடுவின் உயரத்துக்கு வெட்டிய ஒரே அளவான இரண்டு மரக்கட்டைகளைச் சட்டத்தின் மேல், பார்வைக்கு இணையாக முன்னும் பின்னும் நிறுத்துங்கள். அடியில் காகிதம் வைத்தால் கீறாது. கட்டைகளின் மேல் விளிம்பு வழியாகப் பார்த்து, 5 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு கோடு போடுங்கள். இப்போது டெலஸ்கோப் வழியாகப் பாருங்கள். கோடு வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். 9 செ.மீ. மேலோ கீழோ இருந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி கோணல். ஒரு டிகிரி கோணல் 30 டிகிரியில் 0.3 மினிட், 60இல் 0.6, 90இல் 1 மினிட் கூட்டும். கை சாய்வதோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் இது எப்போதும் ஒரே பக்கம் தள்ளும், சராசரி எடுத்தாலும் போகாது. வளையத்தில் திருத்தும் திருகு இல்லாத கருவியில் நீங்களாக வளைக்க முயலாதீர்கள், பட்டறைக்குக் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ரீடிங் கூடினால் ஆர்ம் வளைந்திருக்கலாம், அல்லது அச்சு தேய்ந்திருக்கலாம். அந்தச் செலவுக்கு நல்ல நிலையில் உள்ள பழைய செக்ஸ்டன்ட் ஒன்றை வாங்குவது மேல்.

## தொடுவானமே இல்லை

பனிமூட்டமாகவோ கரையாகவோ இருக்கலாம். சென்னையில் பழகுகிறவர்களுக்கு மெரினாவில் காலைச் சூரியனுக்கு நிஜத் தொடுவானமே இருக்கிறது. கண் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் டிப் திருத்தம் (கண் கடல் மட்டத்துக்கு மேலே இருப்பதற்கான திருத்தம்) 3 மினிட். சாயங்காலச் சூரியனுக்கு மேற்கே கடல் இல்லை.

மொட்டை மாடியில் என்றால் எண்ணெய்த் தட்டுதான் சிறந்தது, தட்டில் ஊற்றிய எண்ணெய் மட்டமான கண்ணாடி போல வேலை செய்யும், ரீடிங் உயரத்தைப் போல இரண்டு மடங்கு வரும். தட்டில் தெரியும் சூரியனின் மேல் பிரதிபலித்த சூரியனை முழுதாகப் பொருத்துங்கள். தட்டில் தெரியும் சூரியனைப் பார்க்கவும் ஷேட் வேண்டும், மறக்காதீர்கள். ரீடிங் 84° 20', வெளிப் பிழை 2' என்றால் 84° 22', பாதி 42° 11'. டிப் கிடையாது, அரைவிட்டமும் கிடையாது. ஒளிவிலகல் திருத்தம் மட்டும் போதும். ஆர்க் 120 டிகிரிதான் என்றால் 60 டிகிரிக்கு மேலே உள்ள சூரியனை இதில் எடுக்க முடியாது. சென்னையில் நண்பகல் சூரியன் நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து ஜனவரி முடியும் வரைதான் அதற்குள் அடங்கும். மற்ற மாதங்களில் காலையோ மாலையோ பாருங்கள்.

டெலஸ்கோப்புக்குப் பதிலாக மாட்டி, தொடுவானம் இல்லாமல் காற்றுக் குமிழியால் மட்டம் பார்க்கும் குமிழி இணைப்பும் விற்கிறது. தரையில் பல ரீடிங் எடுத்துச் சராசரி பார்த்தால் சில மினிட்டுக்குள் வரும், பழக அது போதும். கப்பல் ஆடும்போது குமிழி ஓடிக்கொண்டே இருக்கும். கடலுக்காக அதை வாங்காதீர்கள்.

## வாங்கிய டெலஸ்கோப் பொருந்தவில்லை

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கால் மாறும். சிலவற்றில் மரை, சிலவற்றில் பள்ளத்தில் வழுக்கி இறங்கும் தகடு. ஆலங் போன்ற கப்பல் உடைக்கும் ஊர்களிலிருந்து வரும் பழைய டெலஸ்கோப்புகள் விலை குறைவு என்றாலும், உங்கள் பழைய டெலஸ்கோப்பின் காலை வெர்னியர் காலிப்பரால் அளந்து, படம் எடுத்து அனுப்பிக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். காலின் அடியிலிருந்து குழாயின் நடு வரைக்குமான உயரமும் அதே அளவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருந்தும், ஆனால் பாதி வட்டம் கறுக்கும். அலங்காரத்துக்குச் செய்த பித்தளைச் செக்ஸ்டன்ட்டுக்கு எந்த டெலஸ்கோப்பும் உதவாது, அதன் ஆர்க்கில் உள்ள கோடுகளே அளவுக்குப் போட்டவை அல்ல.

பொருந்திவிட்டால் சுவர்க் கோட்டுச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு, பெட்டியில் வைத்து மூடிப் பாருங்கள். 7×35க்குப் பல பெட்டிகளில் இடம் வெட்டியிருக்காது. மூடி அதன் மேல் அழுந்தினால் அந்த அழுத்தம் மிரர்களுக்குத்தான் போகும்.